ஜன்னல் சாத்திய வீட்டில் ரேடான்

விக்கிரமங்கலத்திலிருந்து ஒரு வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர், எழுதியிருக்கிறார். அவருடைய மகள் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் வீடு வாங்கியிருக்கிறார். பத்திரம் முடிவதற்கு முன்னால் ஒருவர் வந்து கீழ்த்தளத்தில் சின்னக் கருவி ஒன்றை இரண்டு நாள் வைத்து எடுத்துப்போனார். ரேடான் வாயு அதிகம், தரைக்கு அடியில் குழாய் இறக்கி வெளியேற்ற வேண்டும் என்று அறிக்கை வந்தது. விற்றவர் செலவிலேயே குழாயும் விசிறியும் போட்டாயிற்று. இப்போது மகளுக்கு ஊர் வீட்டைப் பற்றிக் கவலை. “அப்பா, நம்ம வீட்டையும் ஒரு தடவை பாத்துடுங்க” என்கிறாராம். சென்ற ஆண்டுதான் கீழ் அறைக்கு கிரானைட் தரை போட்டு ஏ.சி. மாட்டியிருக்கிறார்கள். அரியலூர் வட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், சிமென்ட் ஆலைகள். போதாக்குறைக்கு, சமையல் மேடைக் கல்லே புற்றுநோய் தரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வேறு. சோதிக்க வேண்டுமா, எப்போது, எதைக் கொண்டு என்பது அவர் கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். காற்றோட்டமாகத் திறந்து கிடக்கும் அறைகளுக்குச் சோதனை அவசரமில்லை. அந்த ஏ.சி. அறைக்கு ஒரு முறை சோதித்துப் பார்ப்பது நியாயம். இரண்டு நாள் சோதனை போதாது, மூன்று மாதச் சோதனைதான் வேண்டும். கிரானைட்டைப் பெயர்க்கத் தேவையில்லை. இந்த நான்குக்குமான விளக்கம் ஒரே இடத்தில், மண்துகளின் மேல்தோலில் தொடங்குகிறது.

ரேடான் கதிரியக்கமுள்ள மந்த வாயு, யுரேனியம் சிதைந்து ரேடியமாகி அதிலிருந்து வருவது, அதன் அரை ஆயுள் 3.8 நாள் என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். அங்கே யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. ரேடியம் வாயு அல்ல. மண்துகளுக்குள், கல்லுக்குள் திடமாகப் பதிந்து கிடக்கிறது. அதிலிருந்து பிறக்கும் ரேடான் அணுவும் கல்லுக்குள்ளேயேதான் பிறக்கிறது. சுற்றிலும் இறுகிய படிகம். படிகத்தின் ஊடே ஊர்ந்து வெளியே வர அந்த அணுவுக்கு இருக்கும் சில நாள் ஆயுள் எந்த மூலைக்கும் காணாது. அப்படியானால் கல்லுக்குள் பிறந்த வாயு நம் மூச்சுக்காற்றுக்கு எப்படி வந்தது?

பிறக்கும்போது வாங்கும் உதையில் வருகிறது. ரேடியம் அணு உடையும்போது ஆல்பா துகள் ஒரு பக்கம் வினாடிக்கு ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. அதைவிட ஐம்பத்தைந்து மடங்கு கனமான ரேடான் எதிர்ப்பக்கம் வினாடிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் வேகத்தில் பின்வாங்குகிறது. கேட்க அசுர வேகம்தான். ஆனால் இறுகிய கல்லுக்குள் அந்த வேகத்தில் அது கடக்கும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் சில பங்கு, அதாவது 20 முதல் 70 நானோமீட்டர். தலைமுடியின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே துகளின் மேல்தோலில், அந்தச் சில பத்து நானோமீட்டருக்குள் இருந்த ரேடியம் மட்டுமே ரேடானை வெளியே தள்ள முடியும். உள்ளே ஆழத்தில் பிறந்தது உள்ளேயே பிறந்து உள்ளேயே மடியும்.

கோயில் வாசலில் சூறைத்தேங்காய் விடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். ஓங்கி அடித்ததும் சின்னச் சில்லு ஒரு பக்கம் பறக்கிறது, பெரிய மூடி எதிர்ப்பக்கம் துள்ளுகிறது. சில்லு ஆல்பா, மூடி ரேடான். கூட்டத்தின் நட்டநடுவில் அடித்தால் மூடி அடுத்தவர் காலில் முட்டி அங்கேயே நின்றுவிடும். கூட்டத்தின் ஓரத்தில் அடித்தால்தான் மூடி தெருவுக்கு வரும். வந்தாலும் தப்பித்தது என்று சொல்ல முடியாது. தெரு குறுகலாகவும் காய்ந்தும் கிடந்தால், மூடி வந்த வேகத்தில் எதிர்சாரியில் நிற்கும் கூட்டத்துக்குள் போய்ச் செருகிக்கொள்ளும். அங்கே யாராவது பொறுக்கி மடியில் கட்டிக்கொள்வார்கள். தெருவில் கணுக்கால் அளவு மழைத்தண்ணீர் நின்றால் கதையே வேறு. மூடி தண்ணீரில் விழுந்து வேகமிழந்து, தெருவிலேயே தங்கி, மெல்ல மெல்லத் தெருமுனைக்கு வந்து சேரும். இடுப்பளவு வெள்ளம் என்றால் அதுவும் நடக்காது. மூடி நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், நாலு நாள் ஆனால் விழுந்த மூடிகளில் பாதி அழுகிப்போயிருக்கும். அந்த நாலு நாள்தான் ரேடானின் அரை ஆயுள். உவமையை இவ்வளவு தூரம் இழுக்கலாமா என்று கேட்கலாம். மண்ணில் நடப்பது அப்படியே இதுதான் என்பதால் இழுத்தேன்.

மண்துகள்களுக்கு இடையே உள்ள சந்துதான் அந்தத் தெரு. காற்று மட்டும் நிறைந்த சந்தில் ரேடான் சுமார் 60 மைக்ரோமீட்டர் தூரம் பறக்கும். பெரும்பாலான சந்துகள் அதைவிடக் குறுகல், எனவே எதிர்த்துகளில் போய்ப் புதைந்துவிடும். துகள்மேல் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் 100 நானோமீட்டருக்குள் நின்றுவிடும். நின்ற அணு நீரைவிட்டுக் காற்றுக்கு வந்து மேலேறும். அதனால் எலும்பாகக் காய்ந்த மண்ணைவிட லேசாக ஈரம் தட்டிய மண் பல மடங்கு அதிக ரேடானை வெளிவிடுகிறது. அதே மண் சொதசொதவென்று ஊறிவிட்டால் நிலைமை தலைகீழ். நீர்வழியே வாயு பரவும் வேகம் காற்றுவழியே பரவுவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். மண் மூடிக்கொள்கிறது.

எனக்கு இதில் இன்னும் பிடித்தது அடுத்த கணக்கு. ரேடியம் மண்துகளுக்குள் சீராகக் கலந்திருந்தால், ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள மணலிலிருந்து பத்தாயிரத்தில் ஒரு ரேடான்கூட வெளியே வராது. அளந்து பார்த்தால் சாதாரண மண்ணில் ஐந்தில் ஒன்று, சிலசமயம் மூன்றில் ஒன்று வந்துவிடுகிறது. காரணம், ரேடியம் சீராகக் கலந்திருப்பதில்லை. மழையும் நிலத்தடி நீரும் கல்லைத் தின்னத் தின்ன, கரைந்த ரேடியம் துகளின் வெளியே படிந்த இரும்புத் துருப்பூச்சிலும் களியின் நுண்தகடுகளிலும் வந்து ஒட்டிக்கொள்கிறது. அதாவது, கூட்டத்தின் ஓரத்துக்கே வந்து நின்றுகொள்கிறது. உலகச் சராசரியில் ஒரு கிலோ மண்ணில் வினாடிக்குச் சுமார் 35 ரேடியம் அணுக்கள் உடைகின்றன. கையால் ஒரு பிடி அள்ளினால், அதில் வினாடிக்கு மூன்று நான்கு. எத்தனை உடைகின்றன என்பது பாறையின் பூர்விகத்தைப் பொறுத்தது. அதில் எத்தனை வெளியே வருகின்றன என்பதைத் துகளின் தோல்தான் தீர்மானிக்கிறது.

இதை வைத்துக்கொண்டு வாசகரின் ஊரைப் பார்ப்போம். அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் டைனோசர் காலத்துக் கடலின் அடித்தளம். சிமென்ட் ஆலைகள் தோண்டும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடலில் படிந்ததுதான். தூய சுண்ணாம்புக்கல்லில் யுரேனியம் பெரிதாக இருப்பதில்லை. மேற்கே காரை, ஊட்டத்தூர் பக்கம் களிமண்ணில் கிடக்கும் பாஸ்பேட் உருண்டைகள் வேறு ரகம். கடலில் உருவாகும் பாஸ்பேட் கடல்நீரில் இருக்கும் யுரேனியத்தைத் தன்னிடம் சேர்த்துக்கொள்ளும், உலகெங்கும் அதன் குணம் அதுதான். ஆனால் விக்கிரமங்கலம் அந்தக் களிமண்மேல் இல்லை. கிழக்கே உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காட்டுச் செம்மண், தெற்கே போனால் கொள்ளிடக்கரை வண்டல். செம்மண்ணின் சிவப்பே துகள்மேல் படிந்த இரும்புத் துரு. யுரேனியம் சாதாரண அளவிலேயே இருந்தாலும், இருக்கிற ரேடியத்தை மேல்தோலில் பிடித்து வைக்கும் மண் அது. வீடு கட்டும்போது பேஸ்மட்டத்தை மூன்றடி தூக்கிக் கிராவல் கொட்டி நிரப்புகிறோமே, அந்தக் கிராவலும் இந்தச் செம்மண் வகைதான். கான்கிரீட்டும் டைல்ஸும் மேலே மூடியிருப்பதால் மழை அதை நனைக்காது. லேசான ஈரம், நிறைய சந்து. ரேடான் வெளிவருவதற்கு இதைவிடத் தோதான இடம் வேண்டியதில்லை.

கிரானைட்டுக்கு இதில் எந்த இடம்? கிரானைட்டில் யுரேனியமும் தோரியமும் சுண்ணாம்புக்கல்லைவிட அதிகம்தான். அதைச் சொல்லித்தான் காணொளிக்காரர் பயமுறுத்துகிறார். ஆனால் அது இறுகிப்போன படிகக் கல், சந்து மிகக் குறைவு, உள்ளே பிறக்கும் ரேடானில் பெரும்பகுதி உள்ளேயே முடங்கிவிடும். போதாததற்கு நாம் போடுவது முக்கால் அங்குலப் பலகை. வீட்டு ரேடானில் சமையல் மேடைக் கல்லின் பங்கு பொதுவாக அற்பம், மண்தான் முக்கியமான ஊற்று என்பதே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நிலைப்பாடும். மேடைமீது கருவியைக் கவிழ்த்து வைத்து எண் காட்டுகிறவர்கள், அறைக்காற்றில் அந்த எண் என்னவாகிறது என்பதைக் காட்டுவதில்லை.

சிமென்ட்டில் கலக்கும் உலைச்சாம்பல் இன்னும் நல்ல உதாரணம். நிலக்கரியை எரித்தால் கரி போய்விடும், அதிலிருந்த ரேடியம் சாம்பலில் செறிந்துவிடும். எனவே சாம்பல் கலந்த சிமென்ட்டும் செங்கல்லும் ஆபத்து என்று சிலர் சொல்கிறார்கள். அனல்மின் நிலைய உலையின் வெப்பத்தில் அந்தச் சாம்பல் உருகி, குளிரும்போது நுண்ணிய கண்ணாடி மணிகளாகிறது என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ரேடியம் கண்ணாடிக்குள் அடைபட்டுவிடுகிறது. ரேடியம் அதிகம், வெளியே வரும் ரேடானின் விகிதமோ சாதாரண மண்ணில் வருவதைவிட மிகக் குறைவு. ஒரு பொருளில் எவ்வளவு கதிரியக்கம் என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி என்று நான் சொல்வது இதனால்தான்.

மண்ணிலிருந்து வெளியே வந்த ரேடான் வீட்டுக்குள் வருவது தரை வெடிப்பு, சுவரும் தரையும் சேரும் மூலை, கழிவுநீர்க் குழாய் இறங்கும் ஓட்டை வழியாக. வெளிநாட்டுக் குளிரில் வீட்டைச் சூடேற்றுகிறார்கள். சூடான காற்று மேலே ஏறிக் கசிய, கீழே அழுத்தம் கொஞ்சம் குறைந்து, வீடே மண்ணிலிருந்து காற்றை உறிஞ்ச ஆரம்பிக்கிறது. பூமிக்கு அடியில் நிலவறை வேறு. பென்சில்வேனியாவில் ஏறத்தாழ 40 சதவீத வீடுகள் அமெரிக்காவின் எல்லை அளவைத் தாண்டுகின்றன என்பது அந்த மாநில அரசின் மதிப்பீடு. அங்கே வீடு வாங்கும்போது சோதித்தது மிகச் சரியான காரியம். இங்கே நம் வீடுகளில் நாள் முழுக்க ஜன்னல் திறந்திருக்கும், சுவரின் மேலே வென்டிலேட்டர் இருக்கும், பழைய வீடானால் முற்றமும் இருக்கும். உலக வீடுகளின் சராசரி ஒரு கன மீட்டர் காற்றுக்குச் சுமார் 40 பெக்கரல் (வினாடிக்கு ஓர் அணு உடைந்தால் ஒரு பெக்கரல்). இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் முன்னின்று நடத்திய நாடு தழுவிய அளவீட்டில் சராசரி இருபதுகளிலேயே நின்றது. நம் நிலம் நல்ல நிலம் என்பதால் மட்டும் அப்படி வரவில்லை. ஜன்னலைத் திறந்து வைக்கும் பழக்கத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

அந்தப் பழக்கம் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது, எனக்குக் கவலையும் அங்கேதான். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. ஏ.சி. மாட்டும்போது முதல் வேலையாக வென்டிலேட்டரைப் பலகை வைத்து அடைக்கிறார்கள், கதவடியில் ரப்பர் ஒட்டுகிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். ஜன்னல் திறந்த அறையில் மணிக்கு ஒரு முறை காற்று முழுதாக மாறுகிறது, ரேடான் 30 பெக்கரல் என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 வெளிக்காற்றிலேயே இருப்பது, மீதி 20 தரையிலிருந்து வந்தது. இப்போது அறையை மூடி, பத்து மணி நேரத்துக்கு ஒரு முறைதான் காற்று மாறும்படி செய்துவிட்டோம். தரையிலிருந்து வருவது மாறவில்லை. வெளியே போவது மட்டும் பத்தில் ஒன்றாகிவிட்டது. மூடியே கிடந்தால் நாளடைவில் அந்த அறை 200-ஐ நெருங்கும். மண், சிமென்ட், தரைக்கல் எதுவும் மாறவில்லை, மூடியது மட்டும்தான் மாற்றம். நீலகிரி வீடுகளில் கோவை பாரதியார் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் ரேடான் அளந்தது பொருத்தமான தேர்வு, அங்கே குளிருக்கு ஜன்னல் சாத்துகிறார்கள். சமவெளியில் இப்போது வெயிலுக்குச் சாத்துகிறோம்.

இந்த எண்களுக்கு உடம்பில் என்ன பொருள்? மூச்சில் போகும் ரேடான் பெரும்பாலும் வந்தபடியே வெளியே போய்விடும். கெடுதல் செய்வது அதன் வாரிசுகள். பொலோனியம், ஈயம், பிஸ்மத் என்று நிமிடக்கணக்கில் உருமாறும் உலோக அணுக்கள் தூசியிலும் புகையிலும் ஒட்டி மூச்சுக்குழல் சுவரில் படிகின்றன. அங்கிருந்து கிளம்பும் ஆல்பா துகள் சதைக்குள் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தூரம்தான் போகும். தோலில் பட்டால் செத்த மேல்தோலோடு நின்றுவிடும். மூச்சுக்குழலில் அந்த ஆழத்தில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன.

ஐரோப்பாவின் 13 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2005-ல் வெளியான அறிக்கை தரும் கணக்கை எல்லோரும் ஒரு முறை பார்க்க வேண்டும். வாழ்நாளில் புகைக்காத ஒருவருக்கு 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு, ரேடானே இல்லாத வீட்டில் ஆயிரத்தில் 4 பேர், 100 பெக்கரல் வீட்டில் 5 பேர், 400 பெக்கரல் வீட்டில் 7 பேர். புகைப்பவருக்கு அதே வீடுகளில் ஆயிரத்தில் 100, 120, 160 பேர். ரேடானால் வரும் ஆபத்து உண்மை. அது பெரிதாக விழுவது பீடியும் சிகரெட்டும் புகைக்கிற வீட்டின்மேல்தான். வீட்டில் புகைப்பவர் இருந்தால், கருவி வாங்குவதற்கு முன் அவரைப் புகையை நிறுத்தச் செய்யுங்கள். எந்தக் குழாயும் விசிறியும் அந்த அளவு நன்மை செய்யாது.

வரலாறு கொஞ்சம். ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்கள் பல நூற்றாண்டுகளாக நெஞ்சு நோயில் மாண்டார்கள். 1879-ல் அது நுரையீரல் புற்று என்று தெரிந்தது. ரேடான் கண்டுபிடிக்கப்பட்டது 1900-ஐ ஒட்டித்தான். வீடுகளைப் பற்றிய பயம் கிளம்பியது 1984 டிசம்பரில். பென்சில்வேனியாவில் கட்டுமானத்தில் இருந்த லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளரைக் கண்டதும் கதிரியக்க எச்சரிக்கை மணி அடித்தது. அவர் அதைச் சுமந்து வந்தது தன் வீட்டிலிருந்து. அங்கே ரேடான் ஒரு கன மீட்டருக்கு ஒரு லட்சம் பெக்கரல். அந்த ஒரு வீட்டைச் சொல்லியே இன்றுவரை உலகெங்கும் கருவி விற்கிறார்கள். இதற்கு மேல் வரலாற்றில் நமக்கு வேலை இல்லை.

சோதனைக்கு வருவோம். ரேடான் ஒரே அளவில் நிற்பதில்லை. இரவில் ஏறி விடியற்காலையில் உச்சம் தொட்டு, மதியம் இறங்கும். மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி. அடைமழையில் வெளி மண் ஊறி மூடிக்கொள்ள, வீட்டுக்கு அடியில் ஊறாமல் இருக்கும் மண்தான் வாயுவுக்குத் திறந்த வழியாக மிஞ்சும். கரிசல் வீடானால் கோடையில் வாய் பிளந்த வெடிப்புகள் மழையில் அடைபட, இதே கதைதான். இரண்டு நாள் அளவு என்பது அந்த இரண்டு நாளின் அளவு மட்டுமே. அமெரிக்காவில் வீடு விற்பனைக்கு அவசரம் இருப்பதால் அதை ஏற்கிறார்கள், அதற்கும் பன்னிரண்டு மணி நேரம் முன்பிருந்தே எல்லா ஜன்னலையும் சாத்தி வைக்கச் சொல்கிறார்கள். நமக்கு அவசரம் இல்லை.

நம் நாட்டு ஆய்வாளர்கள் பெரிதும் நம்புவது எல்ஆர்-115 என்ற படலத்தை. மாணிக்கச் சிவப்பில் இருக்கும், தபால்தலை அளவுக்கு வெட்டிப் பிளாஸ்டிக் குப்பிக்குள் ஒட்டி அறையில் தொங்கவிடுவார்கள். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம். ஆல்பா துகள் பாய்ந்த தடம் கண்ணுக்குத் தெரியாத காயமாகப் படலத்தில் பதிந்திருக்கும். மூன்று மாதம் கழித்து எடுத்து, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 60 டிகிரி வெப்பத்தில் ஒன்றரை மணி நேரம் ஊறவைத்தால் காயம்பட்ட இடங்கள் அரித்துத் துளையாகும். நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்புப் பரப்பில் வெள்ளை ஒளிப்புள்ளிகள், ஒவ்வொன்றும் உடைந்த ஓர் அணு. இதில் ஒரு நுட்பம் உண்டு. படலத்தின் மேலேயே படிந்த பொலோனியம் விடும் ஆல்பா மிதமிஞ்சிய ஆற்றலோடு பாய்வதால் துளை விழாது. சில சென்டிமீட்டர் காற்றைக் கடந்து ஆற்றல் குறைந்து வந்தவைதான் பதியும். அதனால் படலத்தில் படியும் அழுக்குக் கணக்கைக் கெடுப்பதில்லை. புள்ளிகளை எண்ணிப் பரப்பாலும் நாளாலும் வகுத்தால் மூன்று மாதச் சராசரி கையில்.

இணையத்தில் கிடைக்கும் கைக்கடக்கமான டிஜிட்டல் கருவிகள் முழு ஏமாற்று அல்ல. ஆனால் மணிக்கொரு முறை மாறும் எண்ணைப் பார்த்துப் பதறுவது வீண். கால் லிட்டருக்கும் குறைவான அறை கொண்ட கருவியில், 30 பெக்கரல் காற்றில், ஒரு மணி நேரத்தில் உடையும் ரேடான் அணுக்களே இருபது சொச்சம். கருவி பிடிப்பது அதிலும் ஒரு பங்குதான். நான்கு என்பது ஏழானால் அளவு கிட்டத்தட்ட இரட்டித்துவிட்டது என்று திரை காட்டும், அறையில் எதுவும் மாறியிருக்காது. வைத்தால் ஒரு மாதமாவது ஒரே இடத்தில் விட்டு, நீண்ட காலச் சராசரியை மட்டும் படியுங்கள். திரையில் லிட்டருக்கு இத்தனை பைகோகியூரி என்று இருந்தால் 37-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், கன மீட்டருக்கு இத்தனை பெக்கரல் என்று வரும். மகள் வீட்டு அறிக்கையில் எல்லையாகச் சொல்லும் 4 என்பது நம் கணக்கில் 148.

ஆழ்துளைக் கிணற்று நீரிலும் ரேடான் கரைந்திருக்கும், குறிப்பாகக் கருங்கல் பூமியில். நீரில் உள்ள ரேடான் செறிவில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் வீட்டுக் காற்றின் செறிவில் கூடுகிறது. மாடித்தொட்டியில் விழும்போதே ஒரு பகுதி பறந்துவிடும், ஒரு நாள் தங்கினால் இன்னும் குறையும். நேரடியாக மோட்டார் போட்டு மூடிய குளியலறையில் குளிப்பவர்களுக்கு மட்டும் சற்றே கூடுதல். தண்ணீருக்காகத் தனிச் சோதனை வேண்டாம்.

வாசகர் செய்ய வேண்டியது இதுதான். இந்தியாவில் வீட்டுக்கு வந்து சோதிக்கும் தொழில் பெரிதாக இல்லை, சட்டக் கட்டாயமும் இல்லை. படலம் பல்கலைக்கழக இயற்பியல் துறைகளிலும் அணுசக்தி ஆய்வகங்களிலும் இருக்கிறது. கதிரியக்கம் அளக்கும் துறை ஒன்றுக்கு எழுதிக் கேட்கலாம். கேட்கும்போது ஏ.சி. அறை, தரைத்தளம், பேஸ்மட்டத்தில் கிராவல் என்ற விவரங்களையும் எழுதினால், ஆய்வு செய்யும் மாணவர்களுக்கே அது ஆவலைக் கிளப்பும். ஐப்பசி மழை பிடித்ததும் மாட்டித் தை மாதம் கழற்றினால், ஜன்னல் சாத்தும் காலம் முழுதும் அதில் அடங்கும். கோடை முழுக்க இரவெல்லாம் ஏ.சி. ஓடுகிற அறை என்றால் பங்குனி முதல் வைகாசி வரை இன்னொரு படலம். கட்டிலின் தலைமாட்டு உயரத்தில், சுவரிலிருந்து ஓரடி தள்ளித் தொங்கட்டும். சுவரில் ஒட்டினால் தோரியத்திலிருந்து வரும் தோரான் குறுக்கே வரும். அதன் அரை ஆயுள் 56 வினாடிகூட இல்லை, சுவரை விட்டு வெகுதூரம் வராது, ஒட்டி வைத்த படலத்தில் மட்டும் எண்ணிக்கையை ஏற்றிவிடும். மணவாளக்குறிச்சி போன்ற மோனசைட் மணல் ஊர்களில் இது இன்னும் முக்கியம்.

படலத்தைத் தொங்கவிட்ட நாள்களில் வழக்கம்போலவே வாழ வேண்டும், சோதனைக்காக ஜன்னலைத் திறக்கவும் வேண்டாம், சாத்தவும் வேண்டாம். விடை 100-க்குக் கீழே வந்தால் மறந்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2009-ல் பரிந்துரைத்த அளவு அது. 100-க்கும் 300-க்கும் இடையே என்றால் குழாய் இறங்கும் ஓட்டைகளையும் தரை மூலைகளையும் சிமென்ட் வைத்து அடைத்து, பலகை வைத்த வென்டிலேட்டரைத் திறந்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். சீலிங் ஃபேன் ஓடினால் அந்த உலோக வாரிசுகள் நுரையீரலுக்குப் போகாமல் சுவரிலும் இறக்கையிலும் படியும், அதுவும் லாபம்தான். மூடிய அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போடக் கூடாது. காற்று உள்ளே வர வழி வைக்காமல் வெளியே இழுத்தால், அது தரை வெடிப்பு வழியே மண்ணிலிருந்து இழுக்கும். 300-க்கு மேல் வந்தால் அவசரப்படாமல் இரண்டாவது படலம் மாட்டி உறுதி செய்துகொண்டு, மகள் வீட்டில் செய்ததுபோலவே பேஸ்மட்டத்துக் கிராவலுக்குள் ஒரு பி.வி.சி. குழாய் இறக்கிச் சுவரோரமாகக் கூரைக்கு மேல் கொண்டுபோய், அதில் சின்ன விசிறி பொருத்தச் சொல்லுங்கள்.